கடைசிக் கதவு மட்டும் திறந்தால் போதுமா?

ஊவாத் தோட்டத்து மாணவியின் வைத்திய அபிலாஷையும், மாவட்ட ஒதுக்கீட்டின் நியாயமும்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டு ரயில், நாவலப்பிட்டியையும் ஹட்டனையும் நானுஓயாவையும் கடந்து, அப்புத்தளையில் மலையின் விளிம்பைத் தொட்டவாறே வளைந்து, பண்டாரவளை, எல்ல வழியாக இறங்கி, தெமோதரையில் தான் வந்த பாதைக்கு அடியிலேயே சுற்றிப் புகுந்து வெளிப்பட்டு, முடிவில் பதுளையில் வந்து நின்றுவிடுகிறது. 1924ஆம் ஆண்டில் இருப்புப் பாதை பதுளையை எட்டியது. நூறு வருஷம் கழிந்த பின்னும் அதற்கப்பால் அது நீளவில்லை. தலைநகரிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்தப் பட்டணத்தைச் சூழ்ந்து, நமுனுகுலை மலையின் சரிவுகளிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹல்துமுல்ல, கொஸ்லந்தை ஆகிய ஊர்களின் மேடுகளிலும் தேயிலை பரந்து கிடக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் இம்மலைகளின் மேல் வீசும் வறண்ட காற்று, கொழுந்தில் ஏற்றிவிடுகிற ஒரு விசேஷ வாசனைக்காகவே ‘ஊவாத் தேயிலை’ என்று தனிப் பெயர் சொல்லி உலகச் சந்தையில் விலை பேசுகிறார்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளுகிறவர்களின் பெயரை எவரும் விசாரிப்பதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் என்னவாக விரும்புகிறார்கள் என்ற விசாரணையோ இன்னும் அரிது.

அப்பிள்ளைகளுள் ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சிறப்பாகச் சித்தியெய்தி, “நான் டாக்டராக வேண்டும்” என்று வீட்டில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு இங்கே பெயர் சூட்டவில்லை. ஏனெனில் அவள் ஒரு தனி நபரின் சித்திரம் அல்லள். ஒரு வருஷம் லுணுகலைப் பக்கத்திலும், மறுவருஷம் அப்புத்தளையிலும், அதற்கடுத்த வருஷம் பசறையிலுமாக, ஆண்டு தவறாமல் தோன்றிக்கொண்டேயிருக்கும் மாணவியர் பலரின் பொதுச் சித்திரம். அவளுடைய வாக்கியத்தைக் கேட்டு அம்மா முதலில் மகிழ்கிறாள். அப்பா கொஞ்ச நேரம் பேசாதிருக்கிறார். அந்த மௌனத்தினுள்ளே பஸ் கட்டணமும், ரியூசன் காசும், அடுத்த தம்பியின் படிப்பும், மாதச் சம்பளத்தில் பிடிபடும் முற்பணமும் கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கு ஒரு குடும்பத்தின் வறுமைக் கணக்கு மட்டுமன்று. இத்தேசம் கல்வியை எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்பதன் கணக்கும் அதிலே அடங்கியிருக்கிறது.

நோயை அறிந்த மண்

தோட்டத்துப் பிள்ளைகள் வைத்தியத் தொழிலை நாடுவதற்கு அந்தஸ்தும் வருமானமுமே காரணம் என்று எண்ணுவோர் உண்டு. அவையும் காரணங்களே, எந்தச் சமூகத்தில்தான் அவை இல்லை? ஆயினும் நோயை இவ்வளவு கிட்ட நின்று பார்த்து வளர்கிற பிள்ளைகள் இலங்கையில் வேறெங்கும் அதிகம் இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தபோது, வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 1869ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. ஆனால் மனிதரைப் பிடித்த நோய்கள் பயிரோடு மாறவில்லை. தொழிலாளர் செத்தால் தொழில் நிற்கும் என்ற ஞானம் உதித்தபின், 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் தென்னிந்தியக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பும் வழக்கம் வந்தது. 1916ஆம் ஆண்டளவில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கையில் ஆரம்பித்தபோது, அவர்கள் முதலில் சென்ற இடம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களே. வெறுங்காலும், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் கழிப்பிடம் இல்லாத லயங்களும் அந்தப் புழுவுக்கு அவ்வளவு சௌகரியமாக இருந்தன.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் மட்டும் 31.7 சதவீதம். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விடப்பட்டு வளர்ந்த, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத ஒரு தம்பியையோ தங்கையையோ நம் மாணவி தினந்தோறும் பார்க்கிறாள். காரணத்தைப் பிற்பாடு உயிரியல் புத்தகத்தில் படிக்கிறாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர். மக்கள் அவரை ‘மருந்துக்காரய்யா’ என்றோ ‘டாக்டரய்யா’ என்றோ மரியாதையாக அழைப்பார்கள். அவரால் தீராத நோய்க்கு லொறியோ, ஓட்டோவோ, பஸ்ஸோ பிடித்து நகரத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் பெரும்பாலும் சிங்களவர். திறமைசாலி, பல வேளைகளில் இரக்கமும் உள்ளவர். “கொஹேத ரிதென்னே?” என்று அவர் கேட்கிறார். எங்கே வலிக்கிறது என்ற அந்தக் கேள்வி மூதாட்டிக்கு ஒருவாறு விளங்கிவிடுகிறது. பதில்தான் பிரச்சினை. “நெஞ்சுக்குள்ள பக்குபக்குன்னு இருக்குங்கய்யா, கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிறுகிறுன்னு வருது, ராவானா மூச்சு ஏற மாட்டேங்குது” என்று அவள் சொல்லிக்கொண்டே போக, அருகில் நின்ற சிற்றூழியரோ, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் துணைக்கு வந்த பேத்தியோ, அத்தனையையும் ‘நெஞ்சுவலி’ என்ற ஒரே வார்த்தையாகச் சுருக்கிச் சிங்களத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மூச்சு இரவில்தான் முட்டுகிறது என்பது இருதய நோயைக் கண்டறிய எவ்வளவு பெரிய தடயம் என்று டாக்டருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தடயம் அவருடைய காதுவரை வந்து சேரவில்லை.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்று நால்வகையாகக் கூறியிருக்கிறார். முதல் இரண்டு கூறுகளுக்கும் இடையே ஒரு பாஷை ஓடிக்கொண்டிருக்கும் என்பதை அவர் தனியே சொல்ல வேண்டிய அவசியம் அக்காலத்தில் இருக்கவில்லை. ஊவாவில் இன்று அந்த அவசியம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மிஷனரியான சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்களுக்குப் போதித்ததற்கும் இந்த அவசியம் ஒரு முக்கிய காரணம். துணைக்கு வந்து நின்ற பேத்திகளுள் ஒருத்தியே பின்னர் ‘டாக்டராக வேண்டும்’ என்று சொல்வாளானால், அந்த அபிலாஷை எங்கிருந்து பிறந்தது என்று நாம் அதிகம் தேட வேண்டியதில்லை.

பிந்தி வந்த பள்ளிக்கூடம்

அபிலாஷை ஒரு பக்கம் இருக்க, அதை ஏற்றுக்கொள்ளும் பாடசாலை எப்போது வந்தது என்று பார்ப்போம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையிலே சுமத்தின. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை முற்பகல் பத்து மணிக்கு முன்னர் வேலைக்கு அமர்த்தலாகாது என்பதே 1920ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பெரும் சலுகை. பத்து மணிக்குப் பிறகு என்ன நிகழலாம் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஒரே அறை, ஒரே உபாத்தியாயர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி: இதுவே தோட்டப் பள்ளிக்கூடம்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. இலங்கைச் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்க அந்தச் சீர்திருத்தம் கிராமத்துச் சிங்களப் பிள்ளையையும், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளையையும், கிழக்குக் கரையின் முஸ்லிம் பிள்ளையையும் பல்கலைக்கழகம்வரை கூட்டிச் சென்றது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றது. மூன்றே வருஷங்களில், 1948ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரைத் தேசத்துக்கே வெளியே நிறுத்திவிட்டது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற காலத்திலும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்த பிறகு, ‘இருக்கிறோமா, போகிறோமா’ என்று தெரியாத வீட்டில் பிள்ளையின் உயர்கல்வியைப் பற்றி யார் திட்டமிடுவார்? தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1977 முதலாகத்தான் அவற்றின் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பிரஜா உரிமைப் பிரச்சினை சட்டத்தின் மூலம் முழுமையாகத் தீர்ந்ததோ 2003இல்.

இலவசக் கல்வி பிறந்த வருஷத்துக்கும், அது தோட்டத்து வாசலை மிதித்த வருஷத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கிடக்கின்றன. அது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பாட்டன் ஆசிரியர், தகப்பன் எஞ்சினியர், மகள் டாக்டர் என்று குடும்பம் படிப்படியாக ஏறி வந்த அதே காலத்தில், தோட்டத்துக் குடும்பத்துக்கு ஏணியின் முதற்படியே வைக்கப்படவில்லை. விதிவிலக்குகள் இருந்தன. ஹாலிஎலைக்கு அருகே ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்த ஜோசப், கும்பகோணத்திலும் பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிலும் பயின்று, தாமும் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகி, அதன் பெயராலேயே தெளிவத்தை ஜோசப் என்று தமிழுலகம் போற்றும் எழுத்தாளரானார். ஆனால் அவர் வீட்டில் உபாத்தியாயர் இருந்தார். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும்தான் இருந்தன.

ஒரு துளியின் நிறம்

இன்றைய நிலைக்கு வருவோம். இலங்கையில் பாடசாலைகளை வகைப்படுத்தும் முறையொன்று உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1ஏபி; கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி; பதினோராந் தரத்தோடு நிற்பவை இரண்டாம் வகை; ஆரம்பப் பிரிவோடு நிற்பவை மூன்றாம் வகை. தோட்டங்களுக்குள் இருக்கும் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகளைச் சேர்ந்தவை. பதுளை மாவட்டத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் தமிழ்மொழியில் உயர்தரம்வரை போதிக்கும் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையும் பதுளை, பண்டாரவளை போன்ற பட்டணங்களை அண்டியே இருக்கின்றன. ஆதலால் பதினாறு வயதில் அவள் செய்ய வேண்டிய முதல் தேர்வு, எந்தப் பாடம் படிப்பது என்பதன்று. எந்த பஸ்ஸில் போவது என்பது. விடிவதற்கு முன் இறங்கி, இருட்டிய பின் ஏறி வரும் ஒற்றையடிப் பாதை ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு சுகமானது என்று தாயைக் கேட்டால் தெரியும். விடுதி இருந்தால் பிரச்சினை பாதி தீரும். விடுதி உள்ள பாடசாலைகளோ சொற்பம். அதனால்தான் டாக்டராக விரும்பிய எத்தனையோ பேர், அருகில் இருக்கும் பாடசாலையில் இருக்கும் துறையான கலைப் பிரிவிலே சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். அவர்களுக்குப் பரீட்சையே வைக்கப்படவில்லை.

பட்டணத்துப் பாடசாலைக்கு வந்து சேர்ந்துவிட்டவளின் கதையைப் பார்ப்போம். இரசாயனவியலில் நியமிப்பு என்றொரு பரிசோதனை உண்டு. அளவியிலே மூலக் கரைசலை நிரப்பி, குழாயியால் அளந்தெடுத்த அமிலத்தைக் கூம்புக் குடுவையில் விட்டு, அதிலே பினோத்தலீன் காட்டியை ஓரிரு துளி சேர்த்து, அளவியின் திருகை மெல்லத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். நிறமற்றிருந்த திரவம், ஒரு துளி விழுந்ததும் இளஞ்சிவப்பாகி, சுழற்றியதும் மறைந்துபோகும். மற்றொரு துளி, மீண்டும் மறையும். ஏதோ ஒரு துளியில் மறையாமல் நின்றுவிடும். அந்தத் துளியே முடிவுப்புள்ளி. கை நடுங்கி இரண்டு துளி கூடிப்போனால் திரவம் கடுஞ்சிவப்பாகிக் கணக்குப் பிழைத்துவிடும். இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்தவள் வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டாள். கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்த அளவியையும் குடுவையையும் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டவளோ, உயர்தர வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில், ‘முடிவுப்புள்ளியில் அவதானிக்கத்தக்கது யாது, ஏன் மெதுவாகச் சேர்க்க வேண்டும்’ என்று வளைத்துக் கேட்கும்போது மனனத்தைத் துழாவுகிறாள். இருவரும் ஒரே மொழியில், ஒரே பாடத்திட்டத்தை, ஒரே இலவசப் பாடப்புத்தகத்தின் வழியாய் வந்தவர்களே. ஒருத்தி துளியைப் பார்த்தாள். மற்றவள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டாள்.

ஆய்வுகூடக் கட்டடம் எழுப்புவது அரசாங்கத்துக்கு எளிது. திறப்பு விழாவும் வைத்துவிடலாம். அதற்குள்ளே நின்று சொல்லிக்கொடுக்கும் பௌதிகவியல் பட்டதாரியைக் கொண்டுவருவதுதான் கடினம். வந்தவரும் கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை முடித்துக்கொண்டு சொந்த ஊருக்கு இடமாற்றம் பெற்றுச் செல்கிறார். அவரிடம் குறை காண்பதற்கில்லை, அவருக்கும் குடும்பம் உண்டு. சென்ற தசாப்தத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது, கீழ் வகுப்புகளுக்குப் பேருதவி. அவர்களுள் பலர் அதே தோட்டங்களின் பிள்ளைகள். ஆனால் உயர்தர விஞ்ஞானத்துக்கு அது பரிகாரம் ஆகாது. ஆசிரியர் இல்லாத இடத்தை ரியூசன் நிரப்புகிறது. சனி, ஞாயிறுகளில் பண்டாரவளையிலோ பதுளையிலோ மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே காசு கட்ட வேண்டும். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். மழைக்காலத்தில் வேலை நாட்களும் குறையும். அந்தச் சம்பளத்தில் மூன்று ரியூசனுக்குக் கட்டுகிற அம்மாவின் தியாகத்தைப் புகழ்ந்து எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது; இலவசக் கல்வி நாட்டில் அந்தத் தியாகம் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்பதுதான் பழக்கமாகவில்லை.

மாவட்டம் என்னும் அளவுகோல்

இத்தனைக்கும் பிறகு அவள் பரீட்சை எழுதுகிறாள். இசட் புள்ளி வருகிறது. பாடங்களுக்கிடையே உள்ள கடினத்தின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதற்காக 2001 முதல் பயன்படுத்தப்படும் இந்தப் புள்ளி, சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் மேலேயோ கீழேயோ நிற்கிறார் என்பதைக் காட்டும். அதற்கு மேல் ஒதுக்கீட்டு முறை வேலை செய்கிறது. மருத்துவம் முதலிய துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, அவற்றின் ஜனத்தொகைக்கேற்ப. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும், அதாவது ஊவா மாகாணம் முழுவதுமே, அந்தப் பட்டியலில் உண்டு.

இந்த முறையின் பூர்வோத்தரம் தமிழர்களுக்குக் கசப்பானது. 1970களின் ஆரம்பத்தில் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியதும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்ததும், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்லவிருந்த யாழ்ப்பாணத்து மாணவர்களைப் பெரிதும் பாதித்தன. அதன் அரசியல் விளைவுகளை நாடறியும். பின்தங்கிய மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டாமா என்பது மறுதரப்பின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இந்த அரை நூற்றாண்டு விவாதத்தில் தோட்டத்துப் பிள்ளை எங்கே நின்றது? தமிழர் இழந்த இடங்களைக் கணக்கிட்டபோது அதன் பெயர் அதிலே இல்லை, ஏனெனில் இழப்பதற்கு அதனிடம் இடம் இருக்கவில்லை. பின்தங்கிய மாவட்டங்கள் பெற்ற இடங்களைக் கணக்கிட்டபோதும் அதன் பெயர் இல்லை, ஏனெனில் பெறுவதற்கு அதனிடம் உயர்தர விஞ்ஞான வகுப்பு இருக்கவில்லை. நஷ்டம் இனத்தின் பெயரால் எழுதப்பட்டது. லாபம் மாவட்டத்தின் பெயரால் எழுதப்பட்டது. தோட்டம் என்ற பெயர் இரண்டு ஏடுகளிலும் ஏறவில்லை.

மாவட்டம் ஒரு நிர்வாக எல்லை. அது சமத்துவத்தின் எல்லை அன்று. பதுளை மாவட்டத்து ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களது தலைகளையும் எண்ணித்தான் மாவட்டத்துக்கு இடங்கள் கிடைக்கின்றன. ஆனால் கிடைத்த இடங்களைப் பங்கிடும் வேளையில், நகரத்துத் தேசிய பாடசாலையில் எல்லா ஆய்வுகூடங்களும், ஆசிரியர்களும், டாக்டரான தகப்பனும் உள்ள பிள்ளையும், மடுல்சீமைத் தோட்டத்து லயத்திலிருந்து பஸ்ஸேறி வந்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். ‘எங்கள் மாவட்டம் பின்தங்கியது என்கிறார்கள், அந்தப் பின்தங்கிய மாவட்டத்துக்குள்ளே பின்தங்கியவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?’ என்று நம் மாணவி கேட்டால், அந்தக் கேள்விக்கு இன்றைய ஒதுக்கீட்டு முறையில் விடை இல்லை.

இதை இனக் கோரிக்கை என்று நினைப்பவர், ஊவாவின் வெல்லஸ்ஸப் பக்கத்துக் குக்கிராமமொன்றில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத சிங்களப் பாடசாலையைச் சென்று பார்க்கட்டும். அங்கே படிக்கிற விவசாயியின் மகளுக்கும் இதே குறைதான். ஆகவே கேட்கப்படுவது, மொழி பார்த்தோ இனம் பார்த்தோ அன்று, பிள்ளை படித்த பாடசாலையைப் பார்த்து இடம் வகுக்கும் ஒரு முறை.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

அப்படி ஒரு முறை நடைமுறையில் சாத்தியமா? அண்டை நாட்டில் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில், மருத்துவக் கல்விக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் கட்டாயமான பின், அரசுப் பள்ளிகளில் படித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் தொகை அருகிப்போய்விட்டது. இடஒதுக்கீட்டில் நெடிய பாரம்பரியம் உள்ள அந்த மாநிலத்திலேயே, சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு மட்டும் அரசுப் பள்ளிப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வசதியான பள்ளியில் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். நீதிபதி கலையரசன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020இல் வந்தது. அந்த வருஷமே நூற்றுக்கணக்கானோர் அதன்வழி மருத்துவக் கல்லூரிகளில் நுழைந்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்றது. வழக்குத் தொடுத்தார்கள், 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. அங்கே அளந்தது சாதியை அன்று, மாவட்டத்தையும் அன்று, பள்ளிக்கூடத்தை.

‘தகுதி குறைந்தவர் டாக்டரானால் நோயாளியின் கதி என்ன?’ என்ற ஆட்சேபம் எங்கும் எழுவதுண்டு. ஒதுக்கீடு வாசலோடு நின்றுவிடும் என்பதை ஆட்சேபிப்போர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே போன பிறகு உடற்கூற்றியலுக்கும், மருந்தியலுக்கும், இறுதி எம்.பி.பி.எஸ். பரீட்சைக்கும் மாவட்டமும் இல்லை, சலுகையும் இல்லை. அனைவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதி, ஒரே நோயாளியின் படுக்கை அருகே நின்று சித்தியெய்தித்தான் வெளியே வருகிறார்கள்.

தோட்டத்து மக்களின் மூதாதையர் பலர் எந்தச் சீமைகளிலிருந்து கடல் கடந்து வந்தார்களோ, அவற்றுள் ஒன்றான புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் சரித்திரம் இங்கே நினைக்கத்தக்கது. ஆண்களுக்கென்றிருந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவர் சேர்வதற்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது. சமஸ்தானாதிபதியின் அனுமதி கிடைத்த பிறகே சேர முடிந்தது. 1907இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுழைந்து, 1912இல் பட்டம் பெற்று, பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். மதராஸ் மருத்துவக் கல்லூரியின் வாசலைவிட, அதற்கு முன்னிருந்த புதுக்கோட்டைக் கல்லூரியின் வாசலே அவருக்குத் திறக்கக் கடினமாயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊவாவிலும் அதுதான் நிலைமை.

முன்வாசல்கள்

பதுளையில் இன்று ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அண்மையில் அதற்கு மருத்துவ பீடமும் வந்திருக்கிறது. 1870இல் கொழும்பில் அரசாங்கம் ஆரம்பித்த மேனாட்டு வைத்தியக் கல்வி, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஊவா மலைக்கும் ஏறி வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆயினும் பீடம் தோட்டத்துக்கு அருகில் வந்தது என்பதால், தோட்டத்துப் பிள்ளை பீடத்துக்கு அருகில் வந்துவிட்டது என்று ஆகாது. பல்கலைக்கழக வாசல் கடைசிக் கதவு. அதற்கு முன்னே பதினோராந் தரத்தில் ஒரு கதவும், உயர்தர விஞ்ஞான வகுப்பில் ஒரு கதவும் இருக்கின்றன.

ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவு முழுமையாக இயங்கும் ஒரு பாடசாலையும், அதனோடு சேர்ந்த பெண்கள் விடுதியும் வேண்டும்; இருபது இடங்களில் அரைகுறை ஆய்வுகூடம் கட்டுவதைக் காட்டிலும், ஐந்து இடங்களில் நிறைவான ஆய்வுகூடமும் நிலையான ஆசிரியரும் இருப்பது மேல். பௌதிகவியலும் இரசாயனவியலும் போதிக்கத் தோட்டப் பகுதிக்கு வரும் பட்டதாரிக்கு, வீடும் மேலதிகப் படியும் கொடுத்துக் குறைந்தது ஐந்து வருஷமேனும் அங்கேயே தங்க வைக்க வேண்டும். இந்திய அரசின் ஆதரவோடு 1947 முதல் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கிவரும் நிதியம் போன்றவை, ரியூசன் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் உதவும் அளவுக்கு விரிய வேண்டும். தமிழில் படித்துவிட்டு, மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்தில் கற்று, வார்டிலே சிங்களத்தில் பேச வேண்டியவளாதலால், மும்மொழிப் பயிற்சியை உயர்தரக் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். பீடத்துக்குள் போன பிறகு தொடங்கினால் முதல் வருஷம் பாஷையிலேயே கழிந்துவிடும்.

இவையனைத்துக்கும் பணம் வேண்டும், காலமும் வேண்டும். ஆனால் ஒரு காரியத்துக்கு இரண்டும் அதிகம் வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு என்று ஒதுக்கப்படும் 55 சதவீதத்துக்குள்ளேயே, உயர்தர விஞ்ஞான வசதி இல்லாத பாடசாலையில் சாதாரண தரம்வரை படித்து வந்தவர்களுக்கு ஒரு சிறு பங்கை உள்ளொதுக்கீடாக வகுப்பதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தன் அனுமதி விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். எந்த மாவட்டத்தின் இடமும் வேறொரு மாவட்டத்துக்குப் போகாது. எந்த இனத்தின் இடமும் வேறோர் இனத்துக்குப் போகாது. தோட்டத்து மாணவிக்கும், வெல்லஸ்ஸக் கிராமத்து மாணவிக்கும் அதே பிரிவு பொருந்தும். தன் பாடசாலையில் இருந்து ஒருத்தி மருத்துவ பீடம் போனாள் என்று தெரிந்த மறுவருஷம், அந்தப் பாடசாலையின் ஒன்பதாம் வகுப்பிலே எத்தனை பேர் விஞ்ஞானப் புத்தகத்தைக் கூர்ந்து படிக்கத் தொடங்குவார்கள் என்பதையும் அதிகாரிகள் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஊவாவின் தோட்டங்களுக்குத் தமிழ் பேசும் வைத்தியர் தேவை என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அந்த வைத்தியரை வேறெங்கிருந்தோ வரவழைத்து, மூன்று வருஷத்தில் இடமாற்றம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருப்பதா, அல்லது அங்கேயே பிறந்து, அங்கே பேசப்படும் வலியின் சொற்களை அறிந்து, திரும்பிவர விரும்புகிறவளுக்கு வழிவிடுவதா என்பதே கேள்வி. அவள் கேட்பது தயவு அன்று. தன்னையும் ஒரு தலையாக எண்ணித் தன் மாவட்டம் பெற்ற இடங்களில், தன் பாடசாலைக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்பதே அவள் வாதம். அதை மறுப்பதற்கு ஒரு நியாயமான காரணத்தை இதுவரை எவரும் எடுத்துரைக்கவில்லை.